திவால் மனுவா? வழக்கறிஞரிடம் முதலில் கவனிக்க வேண்டியவை

கடன் கழுத்தை நெரிக்கும்போது வழக்கறிஞரைத் தேடுகிறவர் பாதி உடைந்துபோய்த்தான் அவர் வாசல் ஏறுகிறார். அதனால் முதல் சந்திப்பிலேயே கவனியுங்கள்: அவர் உங்களைப் பேச விடுகிறாரா, படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறாரா?

நல்ல வழக்கறிஞர் வருமானம், சொத்து, அடமானக் கடன், அடமானமில்லாக் கடன் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்பார். திவால் மனு தேவைதானா, கடன் கொடுத்தவர்களிடம் பேசித் தவணையை மாற்றினாலே போதுமா என்றும் யோசிப்பார். "எல்லாக் கடனும் போய்விடும்" என்று உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் போன்றவை பொதுவாகத் திவாலானாலும் நீங்குவதில்லை. மனுவுக்கு முன் வீட்டை உறவினர் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நீதிமன்றம் அந்த மாற்றத்தையே ரத்து செய்யக்கூடும். உங்கள் நேர்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வழக்கை நடத்தப்போவது அவரா, உதவியாளரா என்றும் கேளுங்கள். கடன் கொடுத்தவர் மிரட்டும் நாளில் உங்கள் அழைப்பை எடுக்கப்போவது யார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.