வன்னிப் பயணமும் தேசிக்காய் ஊறுகாயும்

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்த உறவுக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் சோற்றோடு தேசிக்காய் (எலுமிச்சை) ஊறுகாயும் வரும். மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று நாலு வீடு போனால் நாலு சாடியின் ருசியும் கிடைக்கும். ஆசையாகச் சாப்பிடுங்கள். ஆனால் கூட வரும் அம்மா அப்பாவுக்குப் பிரஷர் இருந்தால் முதல் நாளே அளவைப் பேசி வையுங்கள். போன முறை நான் பேசவில்லை. காலையில் பழஞ்சோற்றோடும் மத்தியானம் சோற்றோடும் அம்மா ஊறுகாய் எடுத்தார். இரண்டாம் கிழமை கணுக்கால் வீங்கி, பிரஷரும் ஏறிவிட்டது.

உப்புத்தான் விஷயம். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்தாலும் 15 கிராம் துண்டில் 1.5 கிராம் போய்விடும். கருவாட்டுக் குழம்பும் சம்பலும் தனிக்கணக்கு. நகமளவு கிள்ளித் தொட்டுக்கொண்டால் போதும்.

கடையில் வாங்கும் இந்திய ஊறுகாய் வேறு வகை. நம் வீடுகளில் காயை நாலாகக் கீறி, உப்பு அடைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் காயிலிருந்து ஊறிய அதே உப்புச்சாற்றில் போடுவார்கள், எண்ணெய் சேராது. இந்திய ஊறுகாயில் பெரும்பாலும் எண்ணெய், வெந்தயம், பெருங்காயம் சேரும். எண்ணெய் காற்றுப் படாமல் காக்கும், தேக்கரண்டிக்குச் சுமார் 40 கலோரியும் கூட்டும். போத்தலில் சோடியம் அளவு இருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு தெரியும்.

விட்டமின் சிக்காக ஊறுகாயை நம்ப வேண்டாம். வெயிலிலும் சாடியிலும் அது வெகுவாகக் குறைந்துவிடும். பச்சைத் தேசிக்காயை முருங்கையிலை வறையில் பிழிந்தால், இலையிலுள்ள இரும்பை உடல் எடுக்கவும் உதவும்.

“வேர்க்குது, உப்புப் போகுது, ஊறுகாயைச் சாப்பிடு பிள்ளை” என்பார் மாமி. அந்த வெயிலில் முதலில் தேவை தண்ணீர். வயிற்றோட்டம் என்றால் பார்மசியில் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளை வாங்கி, அதன் உறையில் எழுதியுள்ளபடி கரைத்துக் குடியுங்கள்.

வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பலருக்கு உண்டு. அப்படியொருவர் இருக்கும் வீட்டுக்கு ஊறுகாய்ப் போத்தலைப் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள்.

திரும்பும்போது கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடக்கூடும். பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கண்ணாடிப் போத்தலும் பிளாஸ்டிக் மூடியும் நல்லது, தகர மூடியைப் புளியும் உப்பும் அரித்துவிடும். ஈரக்கரண்டி போடாதீர்கள். பூஞ்சணம் பிடித்தால், அம்மம்மா கையால் போட்டதாக இருந்தாலும், மேலால் வழித்துவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.