கல்யாணப் பத்திரிகை பிரிண்ட் பண்ணப் போறீங்களா, இதப் பாத்துட்டுப் போங்க

மொதல்ல எத்தன காப்பி வேணும்னு முடிவு பண்ணுங்க. நூறுக்குள்ளன்னா டிஜிட்டல் பிரிண்ட் (பிளேட் இல்லாம கம்ப்யூட்டர்லேந்து நேரா அடிக்கிறது) போதும். ஐநூறு, ஆயிரம்னு போனா ஆப்செட்தான் (பிளேட் செஞ்சு மெஷின்ல அடிக்கிறது) கட்டுபடியாகும், ஏன்னா அதுல கலருக்கு ஒண்ணா நாலு பிளேட் போடணும், அந்த செலவு நூறு அடிச்சாலும் ஆயிரம் அடிச்சாலும் ஒண்ணுதான், அதனால காப்பி கூடக் கூட ஒண்ணோட விலை கொறையும். கெட்டி கலர் அட்டையில தங்கக் கலர் எழுத்து வேணும்னா ஸ்க்ரீன் பிரிண்டிங் (வலைத்துணி வழியா மைய தள்ளி அடிக்கிறது) கேளுங்க, என்னக் கேட்டா அதுதான் அழகு.

டிசைன் நீங்களே குடுக்குறதா இருந்தா சிஎம்ஒய்கே-ல (பிரிண்ட்டுக்கான நாலு மை கலர் முறை), 300 டிபிஐ-ல (இஞ்ச்சுக்கு 300 புள்ளி), வெட்டுறதுக்கு சுத்தி 3 மில்லிமீட்டர் எக்ஸ்ட்ரா விட்டு பிடிஎஃப்பா குடுங்க. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல பளபளன்னு தெரியுற பச்சையும் ஆரஞ்சும் பேப்பர்ல கொஞ்சம் மங்கித்தான் வரும், கடைக்காரர்கிட்ட சண்ட போடாதீங்க. போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்புனா டாகுமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா க்வாலிட்டி போயிடும்.

தமிழ் ஃபாண்ட்ட மட்டும் கட்டாயம் கர்வ்ஸா (ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவமா) மாத்திடுங்க. பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சிருந்து கடை கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இல்லன்னா, மாப்பிள்ளை பேரு இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வந்து நிக்கும்.

கடைசியா ப்ரூஃப (அடிக்கிறதுக்கு முன்னாடி சரிபாக்கக் குடுக்குற காப்பிய) வீட்டுல ரெண்டு பேர்கிட்டயாவது குடுத்து படிக்கச் சொல்லுங்க, பேரு, இனிஷியல், தேதி, கிழமை, முகூர்த்த நேரம் எல்லாம் சரின்னா மட்டும் ஓகே சொல்லுங்க.