திருகோணமலையில் அறை எடுக்கும் முன் அக்காவிடம் கேளுங்கள்

போன ஆடியில் அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு வெளிநாட்டிலிருந்து திருகோணமலை போனோம். செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. திவசத்தையாவது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று இருந்தேன். அக்காவின் வீடு சாம்பல்தீவில். இரண்டே அறை. அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று நிலாவெளியில் நான்கு இரவுக்கு இரண்டு அறை பதிந்தேன். ஒன்று எனக்கும் மனைவிக்கும், மற்றது அக்கா, அத்தான், மருமகளுக்கு. எல்லோரும் கடலோரத்தில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்களும் அப்படித்தான் பதிவீர்கள் என்று தெரியும். அதனால் முதலில் நட்சத்திரக் கணக்கைச் சொல்கிறேன். இலங்கையில் விடுதிகளைப் பதிந்து தரம் பிரிப்பது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கிடைப்பது ஹோட்டல் என்ற வகைக்குத்தான். விருந்தினர் இல்லம், வீட்டோடு தங்கும் ஹோம்ஸ்டே, பங்களா, வாடகை அடுக்குமாடி எல்லாம் தனித்தனி வகைகள். அவற்றுக்குப் பதிவு உண்டு, நட்சத்திரம் கிடையாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் 2009இல் போர் முடிந்த பிறகு முளைத்த பல இடங்கள் இந்த வகையில்தான் வரும். பெயர்ப்பலகையில் ஹோட்டல் என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எங்கள் ஊரில் பரோட்டாக் கடைக்கும் ஹோட்டல் என்றுதான் பெயர்.

முன்பதிவுத் தளத்தில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் நட்சத்திரம் அதிகார சபை கொடுத்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. விடுதிக்காரர் தாமே சொன்னதாகவும் இருக்கலாம். பயணிகள் போடும் மதிப்பெண் வேறு விஷயம். நான் பதிந்த இடத்துக்குத் தளத்தில் நான்கு நட்சத்திரம். போய்ப் பார்த்தால் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சான்றிதழும் இல்லை. பதிவு பெற்ற விடுதிகளின் பட்டியலை அதிகார சபையின் இணையத்தளத்தில் தேடலாம். நான் தேடியது திரும்பி வந்த பிறகு.

விலையை எழுத்தில் வாங்குங்கள். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி நின்றால், சேவைக் கட்டணமும் வரியும் இனிமேல்தான் சேரும் என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10 சதவீதம், பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். சின்ன விடுதிகள் பல இந்த வரிக்குப் பதிந்தவை அல்ல. பதியாதவர்கள் அதைப் பில்லில் போடக்கூடாது. போட்டிருந்தால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

இனி உள்ளூர் விலை, வெளிநாட்டு விலை. பல விடுதிகளில் ஒரே அறைக்கு இரண்டு விலை இருக்கிறது. தேசிய அடையாள அட்டையோ வதிவிட விசாவோ இருந்தால் ஒன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் இன்னொன்று. இதைப் பதியும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று தீர்க்க முடியாது. நான் முயன்று பார்த்தவன்.

மேசையில் இருந்த பொடியன் என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர் ஃபொரினா?" என்றான். அங்கிருந்து பத்து நிமிடத் தூரத்தில் நான் பிறந்த வீடு இருந்தது. 1990இல் அதை விட்டுப் போனேன். அவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது. இரண்டு அறையும் என் பெயரில் இருப்பதால் இரண்டுக்கும் வெளிநாட்டு விலைதான் என்றான். அக்காவின் அடையாள அட்டையைக் காட்டினேன். பதிவு அவருடைய பெயரில் இல்லையே என்றான். அறைக்கு இரண்டு பேர்தான், மருமகளுக்குத் தனிக் கட்டணம் என்றான். முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தான், அவர் வரும்வரை இருக்கச் சொன்னான். ஒன்றரை மணித்தியாலம் ஆனது.

அவ்வளவு நேரமும் அக்கா பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் எவர்சில்வர் கரியரோடு. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காவலாளி வந்து வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா எழும்பினாள்.

"தம்பி, எங்கட வீட்டில படுக்க உனக்கு என்ன குறை? அம்மா கிடந்த வீடுதானே."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தான் ஓட்டோவை மறித்தார், மூவரும் போய்விட்டார்கள். நான் முகாமையாளரோடு வாதாடி அறைச் சாவியை வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை சாம்பல்தீவுக்குப் போனோம். முன்னறையில் புது மெத்தை ஒன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், சுவரில் சாத்தியிருந்தது. நாங்கள் வருகிறோம் என்று ஆனியிலேயே வாங்கி வைத்திருக்கிறாள்.

உறவினர் விடுதிக்கு வருவதாக இருந்தால் அவர்களுடைய அறையை அவர்கள் பெயரிலேயே, உள்ளூர் விலையில் பதியுங்கள். எத்தனை பேர், வெளிச் சாப்பாடு விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் முன்னால், வர விருப்பமா என்று அவர்களைக் கேளுங்கள். தளங்கள் விடுதியிடமிருந்து பெரும்பாலும் 15 சதவீதம் அளவில் தரகு எடுப்பதால், நேரே தொலைபேசியில் பேசினால் சில இடங்களில் குறைப்பார்கள். ஓட்டோக்காரர் தாமாக ஒரு விடுதியைச் சொன்னால் அதிலும் பெரும்பாலும் தரகு இருக்கும். அது அவர்களுடைய பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலையில் அது உங்கள் தலையில்தான் விழும்.

காலத்தையும் பாருங்கள். கிழக்குக் கரையின் பருவம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் விலை உச்சத்தில் நிற்கும். பௌர்ணமி விடுமுறையான போயா நாளோடு வார இறுதி சேர்ந்தால் கொழும்பிலிருந்து கூட்டம் வந்து நிலாவெளி நிறைந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் பாதி விலைக்கு அறை கிடைக்கலாம், ஆனால் கடலில் இறங்க முடியாது. கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போவதுதான் நோக்கம் என்றால் நிலாவெளி வேண்டாம். அது நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீற்றர். உவர்மலைப் பக்கமோ உப்புவெளியோ பாருங்கள்.

ரத்துச் செய்தால் பணம் திரும்பாது என்ற மலிவு விலையை எடுக்காதீர்கள். நான் எடுத்திருந்தேன். மீதி மூன்று இரவுக்கான பணமும் போனது. அந்த மூன்று இரவும் சாம்பல்தீவில் படுத்தோம். மெத்தையில் மனைவியும் மருமகளும், கீழே பாயில் நான். திவசத்தன்று விடிய அக்கா என்னை எழுப்பி, கிணற்றடியில் தண்ணீர் அள்ளி வைத்திருப்பதாகச் சொன்னாள்.