கிரிட் (கரண்ட் கொண்டு போற மொத்த வலைப்பின்னல்) ஆடினா பிஎம்யூ (அத ரொம்ப வேகமா அளக்கற கருவி) வெச்சு அடக்குறது எப்படி? ஆரம்பத்துலேர்ந்து பாக்கலாம்

ஒரு அண்டா தண்ணிய ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு நடக்கறப்ப தண்ணி இந்தப் பக்கம் ஏறினா அந்தப் பக்கம் இறங்கும், அப்படியே தளும்பல் கூடிக்கிட்டே போய் வெளிய கொட்டிரும். 1996 ஆகஸ்ட் 10 அன்னிக்கு அமெரிக்காவோட மேற்கு கிரிட்டுல நடந்தது இதுதான். வடக்கு ஜெனரேட்டருங்க ஒரு கூட்டமாவும் தெற்குல உள்ளது இன்னொரு கூட்டமாவும் எதிரெதிரா ஆடி (ஒண்ணோட வேகம் கூடறப்ப இன்னொண்ணோடது குறைஞ்சு), ஆட்டம் பெருசாகி, கிரிட்டே நாலு துண்டா பிரிஞ்சு சுமார் 75 லட்சம் கஸ்டமர்களுக்கு கரண்ட் போச்சு. அதே கிரிட்டுல இத அடக்க ஒரு கன்ட்ரோலர் செஞ்சு 2016ல டெஸ்ட் பண்ணாங்க, அத வெச்சே படிப்படியா சொல்றேன்.

முதல்ல ஆட்டத்த கண்ணால பாக்கணும். அந்த கிரிட்டோட வடக்கு-தெற்கு ஆட்டம் சுமார் 0.25 ஹெர்ட்ஸ், அதாவது 4 செகண்டுக்கு ஒரு தடவ. வழக்கமான ஸ்காடா (கிரிட்ட தூரத்துலேர்ந்து கண்காணிக்கற சிஸ்டம்) சில செகண்டுக்கு ஒரு தடவதான் ரீடிங் எடுக்கும், அதுல இந்த ஆட்டம் ஒழுங்கா தெரியவே தெரியாது. பிஎம்யூ செகண்டுக்கு 60 சாம்பிள் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் ஜிபிஎஸ் நேரத்த குத்தி அனுப்பும், அதனாலதான் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கற ரெண்டு ஊர ஒரே நொடியில வெச்சு ஒப்பிட முடியுது.

அடுத்து டேம்பிங், அதாவது ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் தானா அடங்குதுங்கறது, எவ்வளவுன்னு கணக்கு போடுங்க. ஃப்ரீக்வென்சி ஏறி இறங்கறதுல ஒரு உச்சம் 20 மில்லிஹெர்ட்ஸ், அடுத்த உச்சம் 14னு வந்தா, 20ஐ 14ஆல வகுத்து லாக் எடுத்தா (இயற்கை லாக்) 0.357, அத 6.28ஆல வகுத்தா 0.057, அதாவது 5.7%. இது 3%க்கு கீழ போச்சுன்னா கவலப்படணும்.

மூணாவது, எத அளந்து எத ஆட்டுறதுன்னு முடிவு பண்ணணும், என்னக் கேட்டா மொத்த வேலையோட உயிரே இங்கதான் இருக்கு. 1970கள்லயே ஓரிகன்லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் வர போற பசிபிக் டிசி லைன்ல இத முயற்சி பண்ணாங்க, ஆனா பக்கத்துல இருந்த ஏசி லைனோட பவரதான் சிக்னலா எடுத்தாங்க, சரிப்படாம பின்னாடி விட்டுட்டாங்க. புது கன்ட்ரோலர் எடுக்கறது வடக்கு ஃப்ரீக்வென்சிக்கும் தெற்கு ஃப்ரீக்வென்சிக்கும் உள்ள வித்தியாசம். வடக்கு வேகமா ஓடுதா, டிசி லைன்ல தெற்குக்கு கூடுதலா பவர் இழு, வடக்குக்கு பிரேக் போட்ட மாதிரி ஆயிரும். தெற்கு வேகமா ஓடினா அப்படியே குறை.

உதாரணத்துக்கு கெயின் (வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி எவ்வளவு பவர் மாத்தணும்ங்கற அளவு) ஒரு மில்லிஹெர்ட்ஸுக்கு 10 மெகாவாட்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 8 வந்தா 80 மெகாவாட் கூட்டு, 20 வந்தா கணக்குப்படி 200, ஆனா அந்த கன்ட்ரோலருக்கு வரம்பு கூட்டியோ குறைச்சோ 125தான், அதுக்கு மேல போகாது.

இப்ப டிலே (தாமதம்). ஒரு முழு ஆட்டத்த 360 டிகிரினு வெச்சா, சிக்னல் வந்து சேர 100 மில்லிசெகண்ட் ஆனா 0.25 ஹெர்ட்ஸ்ல அது 9 டிகிரிதான், பயமில்ல. அதே டிலே 1 ஹெர்ட்ஸ் ஆட்டத்துல 36 டிகிரி. டிலே 2 செகண்ட் ஆச்சுன்னா 0.25லயே 180 டிகிரி, அப்ப நீங்க ஆட்டத்த அடக்கல, தள்ளி விடறீங்க! அதனால வர்ற ஒவ்வொரு சாம்பிளோட நேரத்தையும் பாத்து, லேட்டாவோ தப்பாவோ வந்தா கன்ட்ரோலர் தானா விலகிக்கணும், இத மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க. அந்த கன்ட்ரோலர செஞ்சவங்க வடக்குல 4 பிஎம்யூ, தெற்குல 4 பிஎம்யூ வெச்சு 16 ஜோடியையும் ஒரே சமயத்துல ஓட்டினாங்க, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு எடுத்துக்கும்.

கடைசியா டெஸ்ட். அந்த கிரிட்டோட வடக்குல, வாஷிங்டன் மாநிலத்து சீஃப் ஜோசப் அணைகிட்ட 1400 மெகாவாட் பிரேக் ரெசிஸ்டர் (கரண்ட வெப்பமா மாத்தித் தீர்க்கறது) ஒண்ணு இருக்கு, அத அரை செகண்ட் போட்டு எடுத்தா கிரிட் முழுக்க ஒரு உதறல் உதறும். கன்ட்ரோலர ஆஃப் பண்ணி ஒரு தடவ, ஆன் பண்ணி ஒரு தடவ அந்த உதறல குடுத்து, மேல போட்ட அதே டேம்பிங் கணக்க ரெண்டு கிராஃபுக்கும் போடுங்க. ஆன்ல இருக்கறப்ப பர்சன்டேஜ் கூடியிருக்கணும்.