லேசிக் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சிக்கலை அனுபவித்த ஒருவரின் குறிப்புகள்

கண்ணாடிப் பவரை லேசரால் திருத்தும் லேசிக் சிகிச்சை முடிந்த ஏழாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, கண் விழிக்க முயன்றபோது வலது இமை விழியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் இமையைத் தூக்கினேன். கருவிழியின் மேல் மணலை வைத்துத் தேய்த்ததுபோல் சுரீரென்று ஒரு வலி. அதன்பின் அரை மணி நேரம் அந்தக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அன்று மாலை மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னபோது இரண்டு கண்களிலும் 6/6, அதாவது இயல்பான பார்வை வந்தது. பலகையின் கணக்கில் என் சிகிச்சை வெற்றிதான். ஆனால் பார்வை தெளிவாக இருப்பது வேறு, கண் நலமாக இருப்பது வேறு என்பதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லேசிக் செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர் மனநிறைவோடுதான் இருக்கிறார்கள். யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கமன்று. எனக்கு நேர்ந்தவற்றில் சிலவற்றை, முன்பே வாய் திறந்து பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் செய்த தவறுகளுள் பெரியது, கான்டாக்ட் லென்ஸ் ஏன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று யோசிக்காமல் போனது. ஒன்பது ஆண்டுகள் லென்ஸ் அணிந்தேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் பிற்பகல் ஆனாலே கண் எரியத் தொடங்கிவிடும், கழற்றி வைத்துவிடுவேன். அந்த எரிச்சலிலிருந்து விடுபடத்தான் லேசிக்கையே நாடினேன். உண்மையில் அந்த எரிச்சல் கண் உலர்வின் அறிகுறி. அதாவது, என்னைச் சிகிச்சைக்கு அனுப்பிய காரணமே, சிகிச்சைக்கு முன் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டிய கோளாறு. லென்ஸ் ஒத்துக்கொள்ளாததால் லேசிக்குக்கு வருபவர்கள் ஏராளம் என்பதால், இந்தப் பொறியில் சிக்குபவள் நான் ஒருத்தி மட்டுமல்ல.

இது நடக்கும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக அடர்ந்திருக்கும் இடங்களுள், கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கருவிழி (கார்னியா) ஒன்று. கண்ணின் மேற்பரப்பு உலரும்போது அந்த நரம்புகள்தான் கண்ணீர்ச் சுரப்பிகளுக்கும் இமைகளுக்கும் செய்தி அனுப்புகின்றன. லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மடலாக அறுத்துத் திறந்து, அடியில் உள்ள திசுவை லேசர் செதுக்குகிறது. மடலை அறுக்கும்போது நரம்புகளும் அறுபடுகின்றன, செய்தி குறைகிறது, கண்ணீரும் குறைகிறது. பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இது பெருமளவு சீராகிவிடும். ஏற்கெனவே கண்ணீர் குறைவாக உள்ளவருக்கோ, இருந்த கொஞ்சமும் போய்விடுகிறது. கீழிமையில் ஒரு சிறு காகிதப் பட்டையை மடித்துச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளக்கும் ஷிர்மர் சோதனை எனக்குச் சிகிச்சைக்குப் பிறகுதான் செய்யப்பட்டது. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டிய பட்டை 4 மில்லிமீட்டரோடு நின்றது. இந்தச் சோதனையையும், இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகளின் பரிசோதனையையும் சிகிச்சைக்கு முன்பே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முகப்பருவுக்காக ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டாலோ, ஒவ்வாமைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உலர்வைக் குணப்படுத்திய பிறகு, கண்ணை மறுபடியும் அளந்தே முடிவெடுக்க வேண்டும். உலர்ந்த மேற்பரப்பில் எடுத்த அளவு நம்பத்தக்கதன்று.

அளவைக் கெடுக்கும் இன்னொன்று, லென்ஸை முந்தின நாள் இரவு கழற்றிவிட்டு மறுநாள் பரிசோதனைக்குப் போவது. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று மாற்றிவிடும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று முதல் இரண்டு வாரமும், கெட்டியான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமோ அதற்கு மேலுமோ அணியாமல் இருக்க வேண்டும்.

கருவிழியின் தடிமனைப் பற்றிய கணக்கை நோயாளியும் போட்டுப் பார்க்கலாம். சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மடலுக்கு 100 முதல் 120 மைக்ரான் போகும். குறைக்க வேண்டிய ஒவ்வொரு மைனஸ் பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரான் திசு செதுக்கப்படும். செதுக்கிய பின் மடலுக்கு அடியில் மிஞ்சும் அடிப்படுகை 250 மைக்ரானுக்குக் கீழே போகக் கூடாது என்பது நெடுநாளைய வரம்பு. 300 இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் மருத்துவர்களும் உண்டு. தடிமனைவிட வடிவம் இன்னும் முக்கியம். கருவிழி மெல்ல மெல்லக் கூம்பாகும் கெரட்டோகோனஸ் நோயின் தொடக்க நிலையில் லேசிக் செய்தால், வலுவிழந்த கருவிழி முன்னோக்கிப் பிதுங்கி, கண்ணாடியாலும் திருத்த முடியாத அளவுக்குப் பார்வை சிதைந்துபோகலாம். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தாலும், உங்களுக்குக் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலும் சொல்லியே தீர வேண்டும். ஒரு மருத்துவர் 'உங்கள் கண்ணுக்கு இது வேண்டாம்' என்று சொன்ன பிறகு, 'செய்யலாம்' என்று சொல்லும் மருத்துவர் கிடைக்கும்வரை தேடி அலைவதைவிட ஆபத்தான தவறு வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

இரவுப் பார்வையைப் பற்றி முன்கூட்டியே பேசாததும் என் தவறு. இன்றும் தெருவிளக்குகளைச் சுற்றி எனக்கு மங்கலான வளையமும் அதிலிருந்து சிதறும் கதிர்களும் தெரிகின்றன. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று, 2017-இல் முடிவுகள் வெளியான இரு ஆய்வுகளில், ஒன்றில் 262 பேரும் மற்றொன்றில் 312 பேரும் சேர்க்கப்பட்டிருந்தனர். சிகிச்சைக்கு முன் ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற பார்வைத் தொல்லை எதுவும் இல்லாதவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், மூன்றாம் மாதத்தில் அத்தகைய தொல்லை ஒன்றாவது புதிதாக வந்திருப்பதாகத் தெரிவித்தனர். அன்றாட வேலைகளைச் செய்ய மிகவும் சிரமப்படும் அல்லது செய்யவே முடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரவில் வண்டி ஓட்டுவது தொழிலாக உள்ளவருக்கு முதல் எண்ணின் கனம் வேறு.

சிகிச்சை முடிந்ததும், பார்வை பளிச்சென்று இருக்கிறதே என்று மறுநாள் பரிசோதனைக்குப் போகாமல் விடுபவர்கள் உண்டு. மடலில் சுருக்கம் விழுவதும், மடலுக்கு அடியில் அழற்சி தோன்றுவதும் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். உடனே கண்டால் எளிதில் சரிசெய்யலாம். பார்வை திடீரென மங்கினாலோ, வலியோ சிவப்போ கூடிக்கொண்டே போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தூங்கும்போது அணியத் தந்த கண் கவசத்தை அசௌகரியம் கருதிக் கழற்றிவிடக் கூடாது.

சொட்டு மருந்தில் நான் செய்த பிழைகள் தனி. செயற்கைக் கண்ணீர் எல்லாம் ஒன்றுதானே என்று, பதப்படுத்தும் வேதிப்பொருள் கலந்த சொட்டை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை விட்டுக்கொண்டேன். அந்தப் பொருளே அடிக்கடி பட்டால் மேற்பரப்பைப் புண்ணாக்கும்; நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் அது கலக்காத சொட்டையே வாங்க வேண்டும். வலி தாளாமல் மரத்துப்போகச் செய்யும் சொட்டை வீட்டில் விட்டுக்கொள்வது கருவிழியை ஆறவிடாமல் அரித்துவிடும். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் கண்ணழுத்தம் ஏறக்கூடும். மெலிந்த கருவிழியில் அழுத்தமானி உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதால் அந்த ஏற்றம் கண்ணில் படாமலும் போகலாம்.

கண்ணில் புண்ணோ சிவப்போ இல்லை, ஆனாலும் வலிக்கிறது என்ற நிலை எனக்கு ஐந்தாம் மாதத்தில் வந்தது. 'கண் சுத்தமாக இருக்கிறது' என்ற பதிலைக் கேட்டு, குறை என் மனத்தில்தான் என்று நம்பி மூன்று மாதங்களை வீணாக்கினேன். அறுபட்ட நரம்புகள் கோணலாக ஆறினால், காயம் இல்லாமலே வலிச் செய்தி அனுப்பும். அது நரம்பு வலி. வேறொரு மருத்துவர், மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஒரே ஒரு சொட்டு விட்டுவிட்டு, வலி போயிற்றா என்று கேட்டார். அடியோடு போயிற்று. கருவிழி நரம்பிலேயே கோளாறு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். போகாமல் இருந்திருந்தால் மூளையை நோக்கிய பாதையில் தேடியிருப்பார். என் இரத்தத்திலிருந்தே பிரித்த சீரம் என்ற தெளிந்த நீர்மத்தால் சொட்டு மருந்து செய்து கொடுத்தார்கள். வலி முழுதும் தீரவில்லை, ஆனால் வாழ முடிகிற அளவுக்குக் குறைந்தது. வலி தூக்கத்தையும் மனத்தையும் குலைக்கும்போது அதையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம். எனக்கு அதற்கும் தனியாக உதவி தேவைப்பட்டது.

பார்வை சற்று மங்கினால் உடனே மறு லேசருக்கு அவசரப்படக் கூடாது. உலர்வே பார்வையை மங்கச் செய்யும். இப்போது நான் காலையில் கண் திறப்பதற்கு முன், மூடிய இமையின் உள்மூலையில் ஒரு சொட்டு விட்டு, அது கசிந்து உள்ளே போகும்வரை காத்திருந்து, பிறகே இமைகளைப் பிரிக்கிறேன்.

கடைசியாக ஒரு கோப்பு. சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழியின் வளைவு, தடிமன் ஆகிய அளவுகளைப் பெரும்பாலோர் கேட்டு வாங்குவதில்லை. பிற்காலத்தில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவும், கண்ணழுத்தத்தைச் சரியாக எடைபோடவும் அவை உதவும். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்ணை லேசர் குறுக்குவதில்லை, விழித்திரை கிழியும் அபாயம் அப்படியேதான் இருக்கிறது. எனவே பழைய மைனஸ் பவர் என்னவென்று எந்தக் கண் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். என் அளவுகளை நான் நான்கு ஆண்டுகள் கழித்துக் கேட்டுப் போனேன். வலது கண்ணின் தாள் மட்டுமே கிடைத்தது.