பழைய புல்லட், எஸ்டி வண்டிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை: முதல் குழுப் பயணத்துக்கான செய்முறை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளும், மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்து புறப்படும்போது, அரை நாளையாவது இந்தத் தூரத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். குழுவிலேயே மெதுவான வண்டி எதுவோ, அதன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம் என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, ஒரு வாரத்துக்கு முன்பே வண்டியைப் பார்ப்பது. பிளக்கில் பொறி வரவைக்கும் மின்தொடர்பான பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபாருங்கள். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். புல்லட்டாக இருந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளை இயக்கும் தண்டுகளான புஷ்ராடுகள் விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அடுத்து கிளட்ச் கேபிள். கைப்பிடி லீவருக்குள் ஈயக் குமிழ் உட்காரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை பிரிந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள். அப்படி ஓர் இழையைப் பார்த்தும் நான் அலட்சியமாகப் புறப்பட்டேன். மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே கேபிள் அறுந்தது. பழையதன் பக்கத்திலேயே புதுக் கேபிள் ஒன்றை முன்பே டேப் சுற்றி ஓட்டிவைத்திருந்ததால், இரு முனைகளை மட்டும் மாற்றிப் பத்து நிமிடத்தில் கிளம்ப முடிந்தது. நீங்களும் அப்படியே ஒன்றை ஓட்டிவையுங்கள். பிளக், பாயிண்ட் செட், கண்டென்சர், செயின் லாக், டியூப் ஆகியவையும் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது படி, கிக்கரைப் பழகுவது. இங்கே அவசரப்பட்டால் கணுக்கால்தான் அடிபடும். புல்லட்டில் பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டு, கிக்கர் இறுகும் வரை மெல்ல அழுத்துங்கள். பிறகு சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரைச் சற்றே நகர்த்துங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். லீவரை விட்டு, கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரே நீண்ட உதை கொடுங்கள்.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. எஸ்டியில் இடப்பக்க கியர் லீவரே கிக்கராகவும் மாறும். எனவே வழியில் ஆசைக்காக வண்டி மாற்றி ஓட்டவே கூடாது. அவசரத்தில் கால் பழைய இடத்தைத்தான் தேடும்.

மூன்றாவது படி அணிவகுப்பு. வழி தெரிந்தவர் முன்னே, மெதுவான வண்டி அவருக்கு அடுத்து, கருவிப் பை வைத்திருக்கும் அனுபவசாலி கடைசியில். ஒருவர் பாதையின் வலப்புறம், அடுத்தவர் இடப்புறம் என மாறி மாறிச் செல்லுங்கள்; நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். டிரம் பிரேக் புதிய டிஸ்க்கைப்போல உடனே நிறுத்தாது என்பதால் அதற்கும் கூடுதலாக விட்டால் இன்னும் நல்லது. பல வண்டிகளில் இண்டிகேட்டர் இருக்காது. கைச் சைகைகளை முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். முட்டுக்காடு பாலம் போன்ற திறந்த இடங்களில் கைப்பிடியை இறுக்காமல், உறுதியாக மட்டும் பிடியுங்கள். மாமல்லபுரத்தில் முதல் ஓய்வு, கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டையில் இரண்டாவது ஓய்வு என்று வைத்துக்கொண்டால், காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். நின்ற இடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கீழே குனிந்து எண்ணெய்ச் சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள்.

வீடு திரும்பிய அன்றே, எஞ்சின் ஆறியபின், வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, குரோம் பாகங்களில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுங்கள். ஸ்போக் கம்பிகள் ரிம்மில் இறங்கும் துளைகளில்தான் உப்பு தங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.