இதயச் செயலிழப்பில் கால்சியம் எங்கே போகிறது? ஒரு தாளில் வரைந்தே புரிந்துகொள்ளலாம்

இதயத்தால் உடலுக்குப் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நிலைதான் இதயச் செயலிழப்பு. அந்தப் பாடத்தில் கால்சியம் வந்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வரிசையாக வரும் புரதப் பெயர்கள்தான் காரணம். பெயர்கள் அப்புறம் தானாகப் பழகிவிடும். ஒரு வெள்ளைத் தாள், பென்சில், சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு துடிப்பை வரைந்து பார்ப்போம்.

படி 1: செல்லை வரையுங்கள்

நீளமான பெட்டி ஒன்று போடுங்கள். அதுதான் இதயத் தசைச் செல். மேல் விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் ஒல்லியான குழாய் ஒன்று. அது டி-குழாய், செல்லின் வெளிச்சவ்வே உள்ளே குழிந்து உண்டானது. அதை ஒட்டி ஒரு பை. அதன் பெயர் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம். நாம் கிடங்கு என்றே சொல்வோம், கால்சியம் சேர்ந்திருப்பது அங்கேதான். குழாய்க்கும் கிடங்குக்கும் நடுவே மயிரிழை அளவே இடம் விடுங்கள். உண்மையில் அந்த இடைவெளி 12 முதல் 15 நானோமீட்டர்தான்.

கால்சியத்தின் செறிவாகச் செல்லுக்கு வெளியே "1 மில்லிமோலார்" என்றும், ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் "100 நானோமோலார்" என்றும் எழுதுங்கள். ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். கதவு கொஞ்சம் திறந்தாலே கால்சியம் உள்ளே பாய இதுவே காரணம்.

படி 2: கதவைத் திறங்கள்

மின்தூண்டல் டி-குழாய்க்குள் இறங்கியதும் அங்குள்ள கால்சியக் கதவுகளான எல்-வகைக் கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. உள்ளே வருவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் எதிரே இருக்கும் கிடங்கின் கதவுகளான ரையனோடின் ஏற்பிகளைத் திறந்துவிட, உள்ளிருந்து கால்சியம் கொட்டுகிறது. அது தசை இழையில் உள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ள, தசை சுருங்குகிறது.

வெளியே இருக்கும் கால்சியம் அவ்வளவு அவசியமா என்று கேட்டால், ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கர் 1883-லேயே தவளை இதயத்தில் காட்டிவிட்டார். லண்டன் குழாய்நீரில் கலக்கிய உப்புக் கரைசலில் துடித்த இதயம், காய்ச்சி வடித்த நீரில் கலக்கிய கரைசலில் ஓய்ந்துபோனது. குழாய்நீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருந்தது.

படி 3: கொட்டியதை அள்ளுங்கள்

எனக்கு இதுதான் கதையின் மையம். சுருங்கிய தசை தளர வேண்டுமானால் கொட்டிய கால்சியம் முழுவதையும் அகற்றியாக வேண்டும், அதுவும் அடுத்த துடிப்புக்கு முன்பே. இரண்டு அம்புக்குறிகள் போடுங்கள். தடித்த அம்பு கிடங்குக்குள்: செர்கா என்ற பம்பு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து அள்ளுகிறது. மெல்லிய அம்பு செல்லுக்கு வெளியே: சோடியம்-கால்சியம் பரிமாற்றி, மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியேற்றுகிறது. மனித இதயத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அள்ளுவது செர்காதான். அதன் மேல் ஃபாஸ்போலாம்பன் என்ற பிரேக் உட்கார்ந்திருக்கிறது. அட்ரினலின் வந்தால் பிரேக் தளர்ந்து பம்பு வேகமாக ஓடும்.

பக்கத்தில் ஒரு வரைபடம் போடுங்கள்: கால்சியம் செங்குத்தாக ஏறி, சரசரவென்று இறங்க வேண்டும்.

படி 4: சிவப்புப் பேனா

இனி, சுருங்கும் வலு குறைந்து செயலிழந்த இதயம். செர்கா அம்பை ஒல்லியாக்குங்கள்; பம்பின் அளவும் குறைகிறது, பிரேக்கும் இறுகுகிறது. கிடங்கில் ஓட்டை போடுங்கள்: ரையனோடின் ஏற்பி ஓய்வு நேரத்திலும் கசிகிறது. டி-குழாயைச் சிதைத்து, கிடங்கிலிருந்து விலக்கி வையுங்கள். பரிமாற்றி அம்பைத் தடிமனாக்குங்கள். பலரிடம் அது கூடுகிறது.

கசிவை நேரில் பார்க்கவும் முடியும். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், துடிக்காமல் கிடக்கும் செல்லிலும் புள்ளி புள்ளியாக மின்னி மின்னி அணையும். கால்சியம் பொறி என்று 1993-ல் விவரிக்கப்பட்டது இதைத்தான். நல்ல செல்லிலும் உண்டு. கசியும் செல்லில் ஓயாமல் தெறிக்கும். கசிந்ததைப் பரிமாற்றி வெளியே தள்ளும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நேர்மின்சுமை மிகுதியாக உள்ளே வருகிறது. அது கூடினால், வேளை கெட்ட வேளையில் ஒரு துடிப்பு கிளம்பும். ஆபத்தான தாளப் பிறழ்வுகள் சில இப்படித்தான் தொடங்குகின்றன.

வரைபடத்தையும் சிவப்பில் மாற்றுங்கள்: உச்சம் தாழ்வு, இறக்கம் மந்தம். கிடங்கு பாதி காலி, செல்லோ முழுதாகத் தளரவில்லை. கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் படத்தையே காட்டுவேன். கால்சியம் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

படி 5: வேகத்தைக் கூட்டுங்கள்

துடிப்புகளை நெருக்கி வரையுங்கள். நல்ல இதயத்தில் துடிப்பு கூடக் கூட வலுவும் கூடும். சிவப்புக் கோட்டில் முதல் துடிப்பு இறங்கி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கிடங்கு நிரம்பவில்லை, வலு கூடாமல் குறைகிறது.

படி 6: மருந்துகளைப் படத்தில் வையுங்கள்

செர்கா மரபணுவையே இதயத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 250 பேர் பங்கேற்ற க்யூபிட் 2 ஆய்வின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. படத்தில் சுலபமாகத் தெரியும் தீர்வு உடம்பிலும் அப்படியே பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதயத் துடிப்பை வலுவாக்கும் டிகாக்சின் என்ற மருந்தை நீங்களே வைத்துப் பாருங்கள். செல்லிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்பை அது தடுக்கிறது. செல்லுக்குள் சோடியம் ஏறும். பரிமாற்றியால் முன்போல் கால்சியத்தை வெளியேற்ற முடியாது. தங்கியதைச் செர்கா கிடங்கில் சேர்க்கும். அடுத்த துடிப்பு வலுக்கும். இப்போது கிடங்கின் ஓட்டையைப் பாருங்கள். அளவு மீறினால் அதே கால்சியம் எந்த வழியாகக் கசிந்து எந்தத் துடிப்பைக் கிளப்பும் என்று விரலை வைத்தே காட்டிவிடலாம்.